பின்கதவுச் சங்கிலி

காலை பத்து மணிக்குக் காலி அட்டைப்பெட்டிகளை வெளியே போடப் போனபோதுதான் சவுண்டக்கா அதைப் பார்த்தாள். மேடைக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கதவின் கைப்பிடியில் விரல் தடிமனில் ஒரு சங்கிலி. அதில் புத்தம் புதிய பூட்டு.

அது ஒரு பர்னிச்சர் கடைக்கு அடியில் இருந்த நிலவறை. தெருவிலிருந்து இறங்கக் குறுகலான படிக்கட்டு ஒன்று. எதிர்ப்பக்கம் இந்த இரும்புக் கதவு. திறந்து நாலு படி ஏறினால் சந்து. மூன்றாவது வழி கிடையாது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். நூற்றிருபது பேர் நிற்கலாம் என்று வாசலில் பலகை இருந்தது. அன்றைக்கு ஏழு ராக் பேண்டுகள், பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை.

உடனே முதலாளிக்கு போன் போட்டாள்.

"சார், பின்கதவுல எதுக்கு சங்கிலி?"

"போன தடவை நாப்பது பேர் அந்த வழியா டிக்கெட் இல்லாம பூந்துட்டாங்கம்மா. கூட்டம் வர்றதுக்குள்ள நானே வந்து திறந்துடறேன். நீ சவுண்டைப் பாரு."

அவளும் சவுண்டைப் பார்த்தாள்.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. இருபது வயதில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வயர் சுற்றும் வேலைக்குச் சேர்ந்து, கேட்டுக் கேட்டுத் தொழில் கற்றவள். இந்த நிலவறையில் பதினோரு வருடம். புதிதாக வருகிற பேண்டுக்காரன் எவனும் முதலில் அவளிடமே வந்து "சவுண்ட் இன்ஜினியர் எங்க?" என்று கேட்பான். "உன் எதிர்ல நிக்கிறேன், கேபிளை மிதிக்காத" என்பாள். அண்ணன் வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தாள். அவள் மிக்ஸர் பலகையில் வேலை செய்கிறாள் என்று அண்ணி சொன்னதைக் கேட்டு, பக்கத்து வீட்டம்மா ரொம்ப நாள் அவள் எங்கோ மாவு அரைக்கிறாள் என்றே நினைத்திருந்தாள்.

பல வருடங்களுக்கு முன் வேறொரு அரங்கில் ஓர் ஆம்ப்ளிஃபயர் கருகியதை அவள் பார்த்திருக்கிறாள். தீ என்று சொல்ல முடியாது, வெறும் புகை. விளக்கு அணைந்து நாற்பது வினாடி இருக்கும். அதற்குள் வாசலில் ஆள்மேல் ஆள் விழுந்து ஒரு டிரம்மருக்குக் காறை எலும்பு முறிந்தது. அங்கே மூன்று கதவும் திறந்திருந்தன.

முதல் பேண்டு வாசிக்கும்போது தொண்ணூறு பேர். இரண்டாவது பேண்டில் டிரம்ஸ் வாசித்தவள் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவள் அடித்த அடியில் படிக்கட்டில் நின்றவர்களும் உள்ளே இறங்கிவிட்டார்கள். ஒரு மணிக்கு முதலாளி வந்தார். சாவி வீட்டில் இருக்கிறதாம், ஆள் போயிருக்கிறானாம். இரண்டு மணிக்குக் கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறதாம். இரண்டரைக்குக் கேட்டபோது, "ஏம்மா, கதவைத் தின்னவா போறே?" என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். டிக்கெட் கிழித்த பெண்ணிடம் விசாரித்தாள். இருநூற்றைம்பது தாண்டிவிட்டது.

மூன்றாவது பேண்டின் கடைசிப் பாட்டில் விளக்குகள் ஒரு கணம் மங்கின. பேஸ் கிட்டார் ஆம்ப்புக்குப் பின்னால் குனிந்து போனாள். பிளக்குகள் செருகியிருந்த மின்பலகை கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. பிளாஸ்டிக் வாடை. பிடுங்கி வேறு பலகை மாற்றினாள். பயம் ஒரு நிமிடம்தான் இருந்தது. அதன்பின் வந்தது வேறு.

பாட்டு முடிந்ததும் மிக்ஸர் பலகையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கினாள். வெள்ளை விளக்குகள் முழுவதையும் போட்டாள். மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"பின்கதவு பூட்டியிருக்கு. அதைத் திறக்கிற வரைக்கும் ஷோ கிடையாது. நெரிசல் இல்லாம, மெதுவா, கொஞ்சம் பேர் மேல போய் நில்லுங்க."

கூட்டம் கத்தியது. காலி பாட்டில் ஒன்று அவள் காலருகே உருண்டது. முதலாளி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"என் மானத்தை வாங்கறியா? இறங்குடி கீழ!"

"'டி' போட்டுப் பேசாதீங்க. சாவி எங்க?"

"தொலைஞ்சு போச்சு, போதுமா? அதுக்கு என்ன இப்போ?"

காலையிலிருந்து ஆள் போகவும் இல்லை, சாவி வரவும் இல்லை. அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போது தாடி வந்தான். கடைசியாக வாசிக்கப்போகும் பேண்டின் பாடகன். அவன் பேர் யாருக்கும் தெரியாத காலத்தில் அவன் முதல் நாலு பாட்டையும் சும்மாவே பதிவு செய்து கொடுத்தவள் அவள். அதிகாரத்தை எதிர்த்துத்தான் அவன் எல்லாப் பாட்டும்.

"அக்கா, ராக் ஷோல இதெல்லாம் சகஜம். வந்தவங்க யாராவது கதவைப் பத்திக் கேட்டாங்களா?"

"அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ரெண்டு மணிக்கு உன்கிட்ட சொன்னேன்."

"இவரைப் பகைச்சுக்கிட்டா அடுத்த மாசம் நமக்கு இங்க இடம் கிடைக்காதுக்கா."

"நீ பாட்டுல மட்டும்தான் எதிர்ப்பியா?"

அவன் முகம் கறுத்தது. "நானே பாத்துக்கறேன்" என்று மிக்ஸர் பலகைக்குப் போய் நாலைந்து ஃபேடரை ஒரேயடியாக ஏற்றினான். ஸ்பீக்கர்கள் ஊளையிட்ட ஊளையில் இருநூற்றைம்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவனும் பொத்திக்கொண்டான். அவள் போய் அவன் கையைத் தட்டிவிட்டு எல்லாவற்றையும் இறக்கினாள்.

டிரம்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த வெல்டர் எழுந்து வந்தாள். "எந்தக் கதவுக்கா?"

போய்ப் பார்த்தாள். சங்கிலியை ஒருமுறை இழுத்தாள். "இரும்பு அறுக்கிற கிரைண்டர் வேன்ல இருக்கு, ஆனா ஆகாது. இந்தப் பஞ்சுல ஒரு பொறி பட்டா போதும், எல்லாரும் காலி" என்று சொல்லி மேலே போய், கை நீளக் கைப்பிடி வைத்த கட்டரோடு வந்தாள்.

முதலாளி கதவை மறைத்து நின்றார். "இது என் சொத்து!"

"சங்கிலி கால்ல விழுந்தா எலும்பு போயிடும் சார். தள்ளுங்க."

அவர் நகரவில்லை. அதற்குள் சவுண்டக்கா அவருக்கும் கதவுக்கும் நடுவே தோளைக் கொடுத்து நுழைந்தாள். "உள்ள இருக்கறதெல்லாம் யாரோ பெத்த பிள்ளைங்க. தள்ளுய்யா!" பதினோரு வருடத்தில் அவரை 'சார்' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் ஒதுங்கினார். வெல்டர் உடம்பின் எடை முழுவதையும் கைப்பிடியில் போட்டாள். சங்கிலி அறுந்தது.

கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. வெளியே பர்னிச்சர் கடைக்காரர்கள் மரச்சட்டங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பார்வையாளர்களில் பத்துப் பேர் படிக்கட்டு வழியே சுற்றிப்போய் அவற்றை அகற்றினார்கள். கதவு முழுதாகத் திறந்து காற்று உள்ளே வந்தபோது, ஓரத்தில் நின்ற ஒரு பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு புழுக்கத்துலயா நின்னுட்டிருந்தோம்!" என்றாள்.

ஷோ அரை மணி நேரத் தாமதத்தில் தொடர்ந்தது. மீதி நான்கு பேண்டுக்கும் அவள்தான் சவுண்ட் போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல்.

ஏழரை மணிக்கு மேடையேறிய தாடி, கைகளை விரித்துக் கத்தினான்: "இன்னைக்கு இங்க ஒரு கதவு பூட்டியிருந்தது! நாம அதை உடைச்சோம்!"

கூட்டத்தின் கத்தல் கூரையைப் பிய்த்தது. வெல்டர் பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்தாள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சவுண்டக்காவின் விரல் அவன் மைக்கின் ஃபேடர் மேல் இருந்தது. ஒரு அங்குலம் இழுத்தால் அவன் வெறும் வாயசைப்பவன். அவள் இழுக்கவில்லை. பணம் கொடுத்து வந்தவர்களுக்குப் பாட்டு கேட்க வேண்டும். ஆனால் பலகையிலிருந்து பாடகனின் காதுக்கு மட்டும் போகும் சின்ன மைக் ஒன்று உண்டு. அதன் பொத்தானை அழுத்தினாள்.

"பொய் சொல்லாத. நீ உடைக்கல."

தாடி காதிலிருந்த கருவியைத் தொட்டான். கிட்டார் முன்னிசை முடிந்தது; அவன் தொடங்கவில்லை. இன்னொரு சுற்று வாசித்தார்கள். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரியிலிருந்து பாடினான். அன்று கடைசிவரை அவன் சுருதி சேரவே இல்லை.

எட்டரை மணிக்கு அவள் கேபிள் சுற்றும்போது முதலாளி வந்து, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார்.

"வரல. மறுபடியும் சங்கிலி போட்டா மட்டும் வருவேன், தீயணைப்பு ஆபீஸரோட."

போடுகிறாரா என்று பார்க்க அவள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே தீயணைப்பு அலுவலகத்துக்குப் போய்க் கைப்பட எழுதிக் கொடுத்தாள். ஐந்து வாரம் கழித்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். தள்ளினால் திறக்கிற கதவு வந்தது. அங்கே ஷோக்கள் தொடர்ந்து நடக்கின்றன. அவளை யாரும் கூப்பிடவில்லை. மற்ற இடங்களிலும் 'பிரச்சினை பண்ற ஆளு' என்று பேச்சு. இப்போது ஒரு கருத்தரங்கக் கூடத்தில், மைக்கைத் தட்டித் தட்டி "கேக்குதா?" என்று கேட்கும் பேராசிரியர்களுக்குச் சவுண்ட் போடுகிறாள்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணன் கேட்டார்: "நல்லதுதானே பண்ணினே. கதவும் மாறிடுச்சு. இன்னும் யார் மேல இவ்வளவு கோபம்?"

தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"பத்து மணிக்கே பூட்டைப் பாத்துட்டேண்ணா. அஞ்சு மணி நேரம், தெரிஞ்சுக்கிட்டே, மூணு பேண்டுக்கு சவுண்ட் போட்டேன். 'சாவி வருது'ன்னு அந்தாள் சொன்னதை நம்பின மாதிரி நடிச்சேன். வேலை போயிடுமேன்னு. அந்த அஞ்சு மணி நேரத்துல ஏதாவது ஆகியிருந்தா?"

அண்ணன் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குடிக்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு மாடிக்குப் போனாள். அன்று அவள் கதவைச் சாத்திய சத்தத்தில் அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.