மாமன் சீராக வந்த வாக்கர்

வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். மீட்டிங், சமையல், துணி, மறுபடி மீட்டிங். என் அண்ணன், தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த வாக்கரில் மகளை விட்டால்தான் என் இரண்டு கைகளும் எனக்குக் கிடைக்கும்.

எங்கள் குடியிருப்பில் குழந்தை மருத்துவர் சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். "வாக்கர் நடக்கப் பழக்காதுங்க. அதோட படியில உருண்டு அடிபட்டு வர்ற குழந்தைகளைத்தான் நாங்க பாக்கறோம்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப நான் எப்பங்க சமைக்கறது?" என்று கேட்டுவிட்டேன்.

"பாய் விரிச்சு விட்டுப்போட்டு, பக்கத்துல ஒரு ஆள் இருக்கோணும். அந்த ஆளை எங்க சங்கத்தால தர முடியலீங்களே அம்மணி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சீரை வேண்டாம் என்றால் அண்ணன் மனம் நோகுமே என்று தள்ளிப்போட்டேன். மறுநாளே வாக்கர் மகளோடு மாடிப்படி விளிம்புவரை ஓடிவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்து, வாக்கர் வேண்டாம் என்றேன்.

லேத் பட்டறையிலிருந்து நேராக வந்தார். "சீரைத் திருப்புனா ஊரு சிரிக்கும். சக்கரத்தைக் கழட்டிப்போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று எல்லாச் சக்கரங்களையும் கழற்றினார். பிறகு பாயை விரித்து மகளோடு உட்கார்ந்தார்.

"நீ போய்ப் படு கண்ணு. நான் பாத்துக்கறேன்."

படுத்த பிறகுதான் தோன்றியது. துணைக்கு ஆள் வேண்டும் என்று அதுவரை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.