கஸ்பர் வாங்கிய வாள் மிசின்

கஸ்பரின் இடது கையில் மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. மோதிர விரலையும் சுண்டு விரலையும் 2009இல் ஒரு பிறெஸ் மிசின் எடுத்தது. கார் கதவுக்குள் பொருத்தும் தகடுகளை அடித்து வளைக்கும் மிசின். அறுபது வயதில் அவர் மல்வேர்னில் தன் ரவுண்ஹவுஸ் வீட்டுக் கராஜுக்குள் ஒரு வாள் மிசின் வாங்கி வைக்க வெளிக்கிட்டபோது, மனைவி அன்ரனெற் முதலில் பார்த்தது அந்தக் கையைத்தான்.

"மிச்ச மூண்டையும் குடுக்கப் போறியளோ?"

"எட்டு இருக்கு அன்ரனெற். மற்றக் கையையும் சேர்த்து எண்ணும்."

பகிடி எடுபடவில்லை. ஆறு மாதம் அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டி, இறைச்சியை நறுக்கிக் கொடுத்தவர் அன்ரனெற். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அதைச் செய்தவர். அவருக்குச் சிரிப்பு வராது.

அவர் வேலை செய்த ஆலை பூட்டி ஆறு வருடம். அதன்பின் கஸ்பர் மரம் கடையத் தொடங்கினார். மரத்தைச் சுழற்றிக் கடையும் பழைய லேத் ஒன்றைக் கராஜில் வைத்து, வீதியோரத்தில் வெட்டிப் போடும் மேப்பிள் மரத்துண்டுகளைத் தூக்கி வந்து, கோப்பை கோப்பையாகக் கடைந்தார். யாரும் அவரைக் கடையச் சொல்லவில்லை. மேற்பார்க்க ஆள் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

சிக்கல் எதில் என்றால், லேத்தில் ஏற்றுவதற்கு முன் மரத்தை வட்டமாக வெட்ட வேண்டும். அவர் அதைச் செயின் சோவால், கையில் பிடிக்கும் சங்கிலி வாளால், நிலத்தில் வைத்து வெட்டினார். வெட்டு கோணலாகும். கோணல் மரம் சுழலும்போது உதறும். சென்ற சித்திரையில் ஒரு துண்டு லேத்திலிருந்து பறந்துபோய் கராஜ் கதவின் யன்னலை உடைத்தது. தலை தப்பியது. ஒன்றில் கடைசலை விடவேண்டும், அல்லது பாண்ட்சோ வாங்கவேண்டும்.

பாண்ட்சோ ஆளுயர மிசின். மேலே ஒரு சில்லு, கீழே ஒரு சில்லு, இரண்டையும் சுற்றி நாடாவைப் போல ஓடும் வாள், நடுவில் வார்ப்பிரும்பு மேசை. மரத்தை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பி வட்டமாக வெட்டலாம். மரத்தின் உயரத்துக்கு மேலே இருக்கும் வாளை மூட ஒரு தகடு உண்டு. கார்ட் என்பார்கள். மரத்துக்குச் சற்று மேலே வரைக்கும் அதை இறக்கிவிட்டுத்தான் வெட்டவேண்டும். இதெல்லாம் கஸ்பருக்கு மனப்பாடம். ஒரு வருடம் பாண்ட்சோ பற்றிய புத்தகத்தைத்தான் வாசித்தார்.

கடைசியில் அன்ரனெற் ஒரு நிபந்தனை போட்டார்.

"முதல் வெட்டு வெட்டேக்க நான் பக்கத்தில நிப்பன். என்ர நெஞ்சு பதறிச்செண்டா மிசின் திரும்பிப் போகும். மறுகதை இல்லை. சரியோ?"

"சரி."

கடைக்காரர் முப்பது நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள். கஸ்பரின் கடைசல் அந்த ஒரு வெட்டில் தொங்கியது.

இனி லெஸ்லியைச் சொல்லவேண்டும். அன்ரனெற்றின் மூத்த அண்ணன். மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு எல்லோருக்கும் முன்னர் வந்தவர். கஸ்பரும் அன்ரனெற்றும் வந்து இறங்கியபோது சென் ஜேம்ஸ் ரவுண் மாடி வீட்டில் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு நிலத்தில் படுத்தவர். ஆலையில் லீட்ஹாண்ட், அதாவது ஒரு வேலை நேரத்தில், ஒரு சிவ்ற்றில், ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். ஊர்க்காரர் பதினொரு பேரை உள்ளே சேர்த்துவிட்டார். லெஸ்லி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கஸ்பர் பிழைத்திருப்பார்.

2009இல் ஒரு வெள்ளிக்கிழமை, அவசர ஓடர். கை உள்ளே போனால் பிறெஸ்ஸை நிறுத்தும் மின்கண் ஒன்று இருந்தது. அது அடிக்கடி மிசினை நிறுத்துகிறது என்று லெஸ்லி அதைக் கழற்றிவிட்டார். "இந்த ஒரு சிவ்ற்றுக்கு மட்டும், மச்சான்." மூன்றாம் மணித்தியாலத்தில் பிறெஸ் இறங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு லெஸ்லி அழுதுகொண்டு வந்தார். கையில் விபத்து அறிக்கை. கண்ணைக் கழற்றியது கஸ்பர்தான் என்று அதில் எழுதியிருந்தது. தன் வேலை போனால் பதினொரு பேரின் வேலையும் ஆடும் என்றார். கஸ்பர் கையெழுத்து வைத்தார்.

நம்மவர்கள் அந்த நாளில் செய்த பிழை இதுதான். வேலைக்குச் சேர்த்துவிட்டவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அந்த ஒரு நன்றியில் முதலாளிமார் எத்தனை விபத்துக் கோப்புகளை மூடினார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அப்போது அந்த ஆலையில் தொழிற்சங்கம் கட்ட ஓடித்திரிந்த எங்களுக்கு ஒரேயொரு சாட்சி போதுமாக இருந்தது. நடந்தது எனக்குத் தெரியும், பக்கத்து மிசின்காரர் சொல்லியிருந்தார். கஸ்பரின் வாசலில் போய் நின்றேன். "என்ர கவனக்குறைவுதான் அண்ணை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அன்ரனெற்றுக்கும் அதையே சொன்னார். அதனால் பதினைந்து வருடமாக ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அன்ரனெற் அதையே சொல்லி வந்தார்: "இவருக்குக் கவனம் எண்டது மருந்துக்கும் இல்லை." கஸ்பரும் சேர்ந்து சிரிப்பார். லெஸ்லி தட்டைப் பார்ப்பார்.

ஐப்பசியில் மிசின் வந்தது. லொறிக்காரர் அதை வீதியோரத்தில் இறக்கிவிட்டுப் போனார். தனி ஆள், நூற்றுமுப்பது கிலோ, அவரைக் குறை சொல்ல முடியாது. கஸ்பர், லெஸ்லி, நான். மூவருக்கும் சேர்த்து நூற்றுத்தொண்ணூறு வயது. தள்ளுவண்டியில் ஏற்றிக் கராஜுக்குள் கொண்டுபோக மதியமாகிவிட்டது.

"சங்கத்தார் இப்பவும் நடுவிலதான் பிடிக்கிறார். பாரம் ரெண்டு அந்தத்திலயும் எங்களுக்கு" என்றார் லெஸ்லி, என்னைக் காட்டி.

வாளைச் சில்லுகளில் மாட்டியவர் அவர்தான். மாட்டிவிட்டுக் கையைத் தட்டினார்.

கஸ்பர் குனிந்து பார்த்தார். "லெஸ்லி அண்ணை, பல்லு முகட்டைப் பாக்குது."

"கொம்பனி பிழையாச் செய்து அனுப்பிப்போட்டுது."

"பல்லு கீழ பாக்கவேணும். முறுக்கி, உள்ப்பக்கத்தை வெளிய எடுத்துப் போட்டாச் சரி."

அதைத் திருப்பி மாட்டியபின் கஸ்பர் மேற்சில்லைக் கையால் சுழற்றி, வாள் நடுவில் ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடவில்லை. பின்னாலுள்ள திருகைக் கால்வாசி திருப்பினார். மறுபடி சுழற்றினார். மறுபடி கால் திருப்பு. வாளின் இரண்டு பக்கத்திலும் வழிகாட்டும் உருளைகளுக்கு ஒரு கடதாசித் தடிப்பு இடைவெளி விட்டார். ஒரு மணித்தியாலம் போனது.

"என்ன மச்சான், கலியாணப் பொம்பிளைக்குச் சாறி உடுத்துறமாதிரி சுத்திச் சுத்தி நிக்கிறாய்? சுவிச்சைப் போடன்."

"இல்லை அண்ணை. அன்ரனெற் வந்து பாக்கவேணும்."

ஆனால் அன்ரனெற் வருவதற்கு முன் பங்குச் சுவாமி, பாதிரியார், வரவேண்டுமாம். கார் வாங்கினாலும் வீடு வாங்கினாலும் ஆசீர்வதிக்காமல் தொடாத குடும்பம். சுவாமி வருகிறார் என்று கஸ்பர் மேசையில் பூசியிருந்த கிறீஸை மினுக்க மினுக்கத் துடைத்தார். வியாழன் பின்னேரம் சுவாமி வந்து, செபம் சொல்லி, தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். கஸ்பர் துணியை எடுத்தார். அன்ரனெற் அவர் கையைப் பிடித்தார்.

"தீர்த்தத்தைத் துடைக்கிறதோ? விசரே?"

வார்ப்பிரும்பு சும்மா இருக்குமா? விடிய மேசை முழுக்கச் சிவந்த பொட்டுகள்.

"இரத்தம் மாதிரிக் கிடக்கு" என்றார் அன்ரனெற். குரல் இறங்கிவிட்டது.

"துரு அன்ரனெற். இரும்பில தண்ணி பட்டா வாறது."

"தீர்த்தத்துக்குமோ?"

"தீர்த்தமும் தண்ணிதானே."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சட்டி தேய்க்கும் பச்சைத் துணியால் அவர் பொட்டுகளைத் தேய்த்தெடுத்து, மெழுகு பூசினார். ஆசீர்வாதத்தையும் தேய்த்துவிட்டார் என்று அன்ரனெற் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. முதல் வெட்டுக்கு அன்ரனெற் வந்து நின்றபோதே நெஞ்சு பாதி பதறித்தான் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் லெஸ்லியும் நானும் வந்திருந்தோம். ஒரு முழ நீளத்தில் உருண்டையான மேப்பிள் துண்டு. உருண்டை மரம் வாளுக்கு முன்னால் உருளும், கையையும் இழுக்கும். அதனால் கஸ்பர் இரண்டு பலகையைச் சாய்த்து அடித்து, மரம் அசையாமல் கிடக்க ஒரு தொட்டில் செய்து வைத்திருந்தார்.

"உது சின்னப்பிள்ளையளின்ர சாமான்" என்று லெஸ்லி அதைத் தள்ளிவைத்தார். கார்ட்டையும் உச்சிக்கு ஏற்றினார். "தங்கச்சி வடிவாப் பாக்கட்டும். மூடி வைச்சா என்னத்தைத் தெரியும்? விலகு மச்சான், முதல் வெட்டு நான் வெட்டித் தாறன்."

கஸ்பர் விலகினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், நானும் தடுக்கவில்லை. லெஸ்லி சுவிச்சைப் போட்டு, மரத்தை வெறுங்கையால் தள்ளினார்.

வாள் மரத்தைக் கவ்வியது. மரம் ஒரே உருட்டில் உருண்டு மேசையில் அடித்தது. லெஸ்லியின் கை வாள் பக்கம் இழுபட்டது. கஸ்பர் மிசினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தார். வாள் மடங்கி, சில்லை விட்டுக் கழன்று, படாரென்று நின்றது. லெஸ்லியின் கை வாளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. தோல் கூடக் கீறவில்லை.

அன்ரனெற் கத்தினார். கத்தியது கணவரைப் பார்த்து.

"பாத்தியளே! உங்களுக்குக் கவனமில்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான்! திங்கக்கிழமை இந்த மிசின் போகுது!"

லெஸ்லி மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார். "ஓம் மச்சான். நீயெல்லோ கார்ட்டை இறக்கி வைச்சிருக்கவேணும்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. பழக்கத்தில் வந்தது.

கஸ்பர் அவரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"கார்ட்டை ஏத்தினது நானில்லை அன்ரனெற். அண்டைக்கும் நானில்லை."

"எண்டைக்கு?"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். நான்கு வசனத்தில் சொல்லி முடித்தார். கண்ணைக் கழற்றியது யார், கடதாசி கொண்டுவந்தது யார். குரலை உயர்த்தவில்லை.

அன்ரனெற் அண்ணன் பக்கம் திரும்பினார். "உண்மையோ அண்ணா?"

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னத்துக்கு உந்தக் கதை?"

"உண்மையோ எண்டு கேட்டன்."

"நான் பதினொரு பேரைச் சேர்த்துவிட்டனான் தங்கச்சி. உங்கள் ரெண்டு பேரையும் ஆர் பாத்தது? ஆரின்ர கட்டில்ல படுத்தனீங்கள்?"

"நான் அதைக் கேக்கேல்லை."

லெஸ்லி ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போனார். கார் வளைவில் திரும்பும் வரைக்கும் அன்ரனெற் கராஜ் வாசலில் நின்றார்.

திங்கட்கிழமை கஸ்பரே கடைக்கு ரெலிபோன் எடுத்து, மிசினைத் திருப்பி எடுக்கச் சொன்னார். புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். மிசின் போனால் லெஸ்லி திரும்ப வருவார், வீடு பழையபடி ஆகும் என்பது அவருடைய எண்ணம். பழையபடி என்றால் எப்படி என்று நான் கேட்டேன். 

மிச்சத்தை அவர் பிறகு சொன்னார். செவ்வாய் பின்னேரம் அன்ரனெற் வேலை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே கராஜுக்குள் போனார். கஸ்பர் மிசின் வந்த அட்டைப் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர் உங்களை அனுப்பச் சொன்னது?"

"நீர்தானே சொன்னனீர். நெஞ்சு பதறினா எண்டு."

"பதறினதுதான். இப்பவும் பதறுது. அதுக்கு நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?" அவர் பெட்டியைக் காலால் தள்ளினார். "பதினைஞ்சு வருஷம் என்னைக் கொண்டு உங்களைப் பேச வைச்சிருக்கிறியள். சனத்துக்கு முன்னால. நான் ஒரு விசரி மாதிரி."

கஸ்பர் ஒட்டுநாடாவைக் கீழே வைத்தார். 

"வேற வாள் இருக்கோ?"

"ஒண்டு இருக்கு."

"மாட்டுங்கோ. பொறுமையா மாட்டுங்கோ. நான் நிக்கிறன்."

கடைக்கு அன்ரனெற்றே ரெலிபோன் எடுத்து, வரவேண்டாம் என்றார். கஸ்பர் வாளை மாட்டினார், சில்லைக் கையால் சுழற்றினார், கால் திருப்பாகத் திருகினார். ஒவ்வொன்றையும் ஏன் என்று அன்ரனெற் கேட்டார். கஸ்பர் தொட்டிலில் மரத்தை வைத்து, கார்ட்டை மரத்துக்கு ஒரு விரல் மேலே இறக்கி, சுவிச்சைப் போட்டார். அன்ரனெற் இரண்டு கையாலும் லேத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரம் நேராகப் பிளந்தது. பாதியைத் தட்டையாகக் கிடத்தி, வட்டம் கீறி, சுற்றி வெட்டினார். ஈர மரத்தூள் அன்ரனெற்றின் கோட்டில் ஒட்டியது. அவர் தட்டவில்லை.

வட்டத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் அண்ணனுக்கு ரெலிபோன் எடுத்தார். மணி போனது. எடுக்கவில்லை. இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார், அப்போதும் லெஸ்லி எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. லேத் பக்கத்தில் பழைய இடத்திலேயே நின்றார்.

"மற்றப் பாதியையும் வெட்டுங்கோ" என்றார்.