லுப்பர்ட்டுக்கு வாசித்த ஃபென்னா

லுப்பர்ட் ஸ்பான் முதன்முதலில் பார்த்தபோது ஃபென்னா ஒரு நடனப் பள்ளியின் மூலையில் உட்கார்ந்து, தத்தக்கா பித்தக்கா என்று குதித்துக்கொண்டிருந்த சிறுமிகளுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். க்ரோனிங்கன் நகரத்தில் அன்று விடாத மழை. அவனுடைய பழைய பியானோக்காரன் முந்தின வாரம்தான் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போயிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்த மேல்கோட்டோடு லுப்பர்ட் நேராக அவளிடம் வந்து நின்றான்.

“கையைப் பாத்தா மாட்டுத் தொடை வெட்டற கை மாதிரி இருக்கு. அதுலேர்ந்து இந்த வாசிப்பு எப்படிம்மா வருது?”

“எங்கப்பா விஞ்சோட்டன்ல கசாப்புக் கடை வெச்சிருக்கார். நானும் வெட்டியிருக்கேன். உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?”

லுப்பர்ட் வாய்விட்டுச் சிரித்தான். தான் சொன்ன ஒன்றுக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று ஃபென்னா பிற்பாடு சொல்வாள்.

அவன் காபரேக்காரன், மேடையில் நையாண்டி செய்து பிழைப்பவன். ஒரு ஆள், ஒரு பியானோ, கொஞ்சம் பாட்டு, நிறையப் பேச்சு. மந்திரி முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அர்ச்சனை. பாட்டெழுத அவனுக்கு நன்றாக வரும், மெட்டுதான் வராது. ஃபென்னா அவனுடைய பியானோவில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே பழைய மெட்டுகளை எல்லாம் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டாள். அந்தப் பருவத்தில்தான் லுப்பர்ட்டின் அரங்குகள் நிரம்ப ஆரம்பித்தன. சுவரொட்டியில் அவன் பெயர் கதவளவு இருந்தது. அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் “பியானோவுடன்” என்று போட்டிருந்தது.

விஞ்சோட்டனில் அவள் அப்பா காதுக்கும் விஷயம் எட்டியது. “பாதிரியாரை நக்கல் பண்றவனுக்கு வாசிக்கிறியாமே? கடைப் பக்கம் வராதே. ஞாயித்துக்கிழமை கோயில்ல ஜனங்க என் மூஞ்சியையே பாக்குறாங்க” என்றார். அவளும் போகவில்லை. வீம்பு அப்பாவிடமிருந்து வந்ததுதானே.

பியானோக்காரியைக் கிண்டல் செய்தால் கூட்டம் சிரிக்கிறது என்று லுப்பர்ட் சீக்கிரமே கண்டுகொண்டான். “மெதுவா கை தட்டுங்க, அவ முழிச்சிக்கப் போறா” என்பான். “கல்யாணம் ஆகலையான்னு கேக்குறீங்களா? பியானோவே மூணு கால்ல நின்னுக்கிட்டு எப்படா ஓடலாம்னு பாக்குது” என்பான். ஃபென்னா முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அந்த மரக்கட்டை முகத்துக்காகவே இன்னும் சிரித்தார்கள். மேடைக்குப் பின்னால் வந்ததும் அவன் தொப்பியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு கட்டத்தில் இருவரும் நேருக்கு நேர் பேசுவதே நின்றுபோனது. ஊர் ஊராக ஒரே வேனில்தான் போனார்கள். வேனை ஓட்டியவனும் விளக்கு போட்டவனும் ஹார்ம் என்ற ஒரே ஆள். அவன் பாடு திண்டாட்டம்.

“ஹார்ம், ரெண்டாவது பாட்டை வேகமா வாசிக்கச் சொல்லு அவளை.”

“அக்கா, ரெண்டாவது பாட்டு…”

“எனக்குக் காது இருக்கு. மூச்சு வாங்காம பாடத் தெரிஞ்சா வாசிக்கிறேன்னு சொல்லு.”

“அண்ணே, மூச்சு…”

“கேட்டுச்சுடா! ரோட்டைப் பாத்து ஓட்டு!”

பின்னே ஏன் ஒன்றாகக் கிடந்தார்கள்? ஹார்ம் ஒரு முறை அவளிடம் கேட்டே விட்டான். “அவன் எழுதற மாதிரி வேற எவனும் எழுதறதில்லையே, சனியன்” என்றாள் ஃபென்னா. இதே கேள்விக்கு லுப்பர்ட்டும் ஏறக்குறைய இதையே சொன்னான், சனியன் உட்பட.

ஒரு நவம்பரில் அவள் அப்பா இறந்தார். விஞ்சோட்டனில் அடக்கம் முடித்து, காபியும் கேக்கும் கொடுத்து உறவுக்காரர்களை அனுப்பிவிட்டு, மறுநாள் மாலை ஸ்னேக் ஊர் அரங்கத்துக்கு வந்துசேர்ந்தாள். கறுப்பு உடையை மாற்றக்கூட நேரமில்லை. பாதி நிகழ்ச்சியில் லுப்பர்ட் பியானோமேல் முழங்கையை ஊன்றினான்.

“என் பியானோக்காரி நேத்து அவ அப்பாவைப் புதைச்சிட்டு வந்திருக்கா. கசாப்புக்காரர், பாவம். பெட்டியைத் தூக்கினவங்களுக்கு ஒரே ஆச்சரியமாம், இவ்வளவு கனமான்னு. மனுஷன் எப்பவும் போல தராசுல கட்டை விரலை வெச்சிட்டுப் போயிட்டார்!”

அரங்கம் அதிர்ந்தது. ஃபென்னா நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

முதல் சரணம் ஒழுங்காகப் போனது. இரண்டாவது சரணத்துக்குச் சுருதியை அரைச் சுரம் ஏற்றினாள். லுப்பர்ட் புருவத்தை உயர்த்தியபடி பாடினான். மூன்றாவதற்கு இன்னும் ஏற்றினாள். நான்காவதில் அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அந்தப் பாட்டில் ஏழு சரணம். நடுவில் நிறுத்தினால் மானம் போகும். தொடர்ந்தால் குரல் போகும். கடைசிச் சரணத்தில் அவனிடமிருந்து வந்தது வாலை மிதித்த பூனையின் சத்தம். ஜனங்கள் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளோ அதே மரக்கட்டை முகத்தோடு வாசித்து முடித்தாள்.

திரைக்குப் பின்னால் அவன் அடிக்க வருவான் என்றே ஹார்ம் நினைத்தான். லுப்பர்ட் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நெடுநாள் கழித்து அவளிடமே பேசினான். “நல்லா எடுபட்டுது. நாளைக்கும் இதையே பண்ணு. அப்பா ஜோக்கும் இருக்கட்டும், அது இல்லேன்னா இது நிக்காது.”

ஃபென்னாவுக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் எரிந்தது. திருப்பி அடித்த அடியையும் அவன் தன் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டான். “ஹார்ம், இவன்கிட்ட சொல்லு. நாளைக்கு இவனே வாசிச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாள்.

தனியாக மேடையேறுவதும் சுலபமாக இல்லை. அசன் நகரில் முதல் நிகழ்ச்சியன்று, “லுப்பர்ட் எங்கே?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அவள் குரல் துருப்பிடித்த இரும்புக் கதவுபோல இருக்கிறது என்று பத்திரிகை எழுதியது. சோப்பு விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டாள். மறுபடி சிறுமிகளின் குதிப்புக்கு வாசித்தாள். லுப்பர்ட்டிடமோ பியானோக்காரர்கள் தங்கவில்லை. வந்தவன் எல்லாம் வாசித்தான், ஒருவனும் மெட்டுப் போடவில்லை. அவன் அரங்குகளும் காலியாகத் தொடங்கின.

சில வருஷம் கழித்து ஒரு மதியம் லுப்பர்ட் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் கதவைத் திறக்கவில்லை. அவன் குனிந்து, கதவிலிருந்த தபால் துவாரத்தின் மூடியைத் தூக்கினான்.

“ஒரு பாட்டு எழுதியிருக்கேன். கேளு.”

“போயிடு. நாயை விடுவேன்.”

“உன்கிட்ட ஏது நாய்?”

கொட்டும் மழையில் முழங்காலிட்டு அந்தத் துவாரத்தின் வழியே படித்தான். ஒரு மீனவன். தன் இரண்டு தம்பிகளை விழுங்கிய கடலைத் தினமும் காலையில் கரையில் நின்று திட்டுகிறான். ஒரு நாள் அரசாங்கம் அணை கட்டிக் கடலையே வெளியே தள்ளிவிடுகிறது. அவன் வெறும் சேற்றில் நிற்கிறான், திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல்.

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

“மூணாவது வரியில ஒரு அசை கூடுது” என்றாள் ஃபென்னா.

“கூடலை.”

“கூடுது. தாளை உள்ளே போட்டுட்டுப் போ. உனக்கு வாசிக்க மாட்டேன். நானே பாடுவேன். உன் பேரும் என் பேரும் ஒரே அளவுல இருக்கும். இஷ்டமில்லேன்னா எடுத்துட்டு நட.”

தாள் உள்ளே விழுந்தது. “உன் குரல்ல அது நாறும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

டெல்ஃப்சைல் துறைமுகத்தில் அவள் அதைப் பாடினாள். கேட்டவர்களில் பாதிப்பேர் மீன்பிடிக் குடும்பத்தினர். அந்தத் துருப்பிடித்த குரலில் மீனவனின் வசவுகள் வந்தபோது யாரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும் ஒரு கிழவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். மூன்றாவது வரிசையில் லுப்பர்ட் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கை தட்டவில்லை. பிறகு உடைமாற்றும் அறை வாசலில் வந்து நின்றான்.

“பாட்டைக் கொன்னுட்ட.”

“டிக்கெட் வாங்கினியா, ஓசியா?”

“வாங்கினேன்.”

“அப்ப கொன்னேன்னு சொல்ல உரிமை இருக்கு. கிளம்பு.”

அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. அந்தப் பாட்டு அவளை நாடெங்கும் கொண்டுபோனது. லுப்பர்ட் இறந்தபோது அடக்கத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். வானொலிக்காரர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அவனைப் பற்றிக் கேட்டார்.

“அவனை மாதிரி எழுத இந்த நாட்டுல ஆள் கிடையாது. அவனை மாதிரி கெட்ட மனுஷனும் கிடையாது. ரெண்டையும் போடுங்க” என்றாள்.

வானொலியில் முதல் பாதி மட்டும் வந்தது. ஃபென்னா ரேடியோவை அணைத்தாள். அந்த வாரம் லேவார்டன் நகரில் நிகழ்ச்சி. பியானோவில் உட்காரும் முன் மேடை ஓரத்துக்கு வந்து, வானொலியில் வெட்டிய பாதியையும் சேர்த்து ஜனங்களிடம் முழுசாகச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் எழுந்து வெளியே போனார்கள். கதவு சாத்தும்வரை காத்திருந்துவிட்டு, உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள்.