ஆத்தா காலடியில் வைத்த மாத்திரை

என் மனைவி சரசு சாப்பிடுவதை நிறுத்தியது போன வருடத்துக்கு முந்தின வருட ஐப்பசியில். அம்மனை நம்பும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சோலூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் அன்னூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். கூட்டியோ குறைத்தோ சொல்வது என் சுபாவத்தில் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் அவளுக்குத் தூக்கம் போனது. பிறகு, கடையில் இருக்கும் அரிசியிலும் பருப்பிலும் யாரோ விஷம் கலக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் சாமான் வாங்கியவர் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு, "ஏனுங்க, தெரிஞ்சே விக்கறீங்களே, இந்தச் சனம் செத்துப் போனா யாருங்க பதில் சொல்றது?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம் வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வியாபாரம் கிடக்கட்டும். அவள் யார் சமைத்ததையும் தொடவில்லை, தான் சமைத்ததையும் தொடவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காரட் போட்டிருந்தோம். தன் கையால் மண்ணிலிருந்து பிடுங்கிய காரட்டை மட்டும் கழுவித் தின்பாள். மண்ணுக்குள் இருப்பதில் யாரும் எதையும் கலக்க முடியாதாம்.

காரட்டை மட்டும் தின்று ஒரு மனுஷி எத்தனை நாள் உயிரோடு இருப்பாள்? கன்னம் ஒட்டிப்போனது. வளையல் முழங்கை வரை ஏறியது. இவள் நம்மை விட்டுப் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

மந்திரித்தோம், கயிறு கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. எங்கள் சனம் பெண் பார்ப்பதற்கும் நிலம் வாங்குவதற்கும்கூடப் பூக் கேட்காமல் இறங்காது. அம்மன் சிலையில் ஈரப்பூவை ஒட்டவைத்து, கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்போம். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். சரசுவின் அண்ணன், என் மச்சான், "கோயமுத்தூரு ஆஸ்பத்திரில கொண்டுபோயி உட்டுட்டு வந்தர்லாமா ஆத்தா?" என்று கேட்டார். பூசாரி கையை எடுப்பதற்குள் பூ இடப்பக்கம் விழுந்தது.

அத்தோடு எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி என்ற பேச்சே எழவில்லை. மாத்திரை, ஊசி, டாக்டர் எல்லாமே தெய்வக் குற்றம் ஆகிவிட்டது. மாத்திரை வேண்டாம் என்று அம்மன் சொல்லவில்லை. அதெல்லாம் எங்கள் ஆட்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

மார்கழியில் உறைபனி கொட்டியது. தோட்டத்தில் காரட் தீர்ந்துகொண்டு வந்தது. மிச்சமிருந்தது இரண்டே பாத்தி. கோயிலில் போய் நின்றேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். "வேண்டாம்னு சொன்ன, கேட்டுக்கிட்டேன். வேற வழி காட்டறது உன்ற பொறுப்பு ஆத்தா. அவ செத்துப் போனா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மனிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். என் நிலைமை அது.

சில நாளில், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க வந்த அரசாங்க நர்ஸம்மா, தோட்டத்தில் உட்கார்ந்து காரட் தின்றுகொண்டிருந்த சரசுவைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார். மனநலத்துக்கென்று அரசாங்கத் திட்டம் ஒன்று நாடு முழுவதும் நடக்கிறதாம். அதில் நம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கே குறிப்பிட்ட நாளில் மனநல டாக்டர் வருகிறாராம். மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்களாம். "எல்லாரையும் ஆஸ்பத்திரில சேத்தோணும்னு இல்லீங்க. ஊட்டுல வெச்சே பாத்துக்கலாமுங்க" என்றார். அம்மனிடம் நாங்கள் கேட்டது கொண்டுபோய் விடலாமா என்றுதான். வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று யாருமே கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் சரி என்றதும் நர்ஸம்மா சொல்லி, அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கே வந்து, சரசுவோடு தோட்டத்தில் உட்கார்ந்து பேசினாள். சாப்பிடத்தான் சரசுவுக்கு மறுப்பு, பேசுவதற்கு மறுப்பில்லை. அவளோடு போய் டாக்டரையும் பார்த்தாள். டாக்டர் நிதானமாகக் கேட்டு, ரத்தம் சோதித்து, மாத்திரை எழுதினார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை வாயில் வைக்க மாட்டேன் என்றாள்.

"கோயில் பொங்கல்ல மறைச்சு வெச்சுக் குடுத்தரட்டுமா? பிரசாதம்னா தின்னாலும் திம்பா." என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன்.

"வேண்டாங்கண்ணா. சாப்பாட்டுல கலக்கறாங்கன்னுதான அக்கா பயப்படறாங்க? நீங்களும் அதையே செஞ்சா, அவங்க பயந்தது நெசமாயிருமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவள் சரசுவிடமே கேட்டாள். "அக்கா, யாரு சொன்னா இதை நம்பி முழுங்குவீங்க?"

"ஆத்தா சொல்லட்டும்" என்றாள் சரசு. "அவகிட்ட ஒருத்தனும் ஒண்ணும் கலக்க முடியாது."

அப்படியென்றால் மறுபடி பூக் கேட்க வேண்டும். இந்தத் தடவையும் இடப்பக்கம் விழுந்தால் அதன் பிறகு அவள் வாயில் மாத்திரை போகவே போகாது. அந்தப் பெண் மாத்திரை அட்டையை எடுத்துச் சரசுவின் கையிலேயே கொடுத்தாள். பிறகு, "கேளுங்கக்கா. எந்தப் பக்கம் விழுந்தாலும் நான் மறுபடி வருவேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப் பூஜைக்குப் போனோம். மாத்திரை அட்டையை அம்மன் காலடியில் வைத்தார் பூசாரி. சரசு தானே கேட்டாள். "இதை நான் முழுங்கலாமா ஆத்தா?" பூ அசையவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. மச்சான் உதட்டைப் பிதுக்கினார். நான் கண்ணை மூடவில்லை, பூவையே பார்த்துக்கொண்டு, இவளைக் கொடுத்துவிடு, இவளைக் கொடுத்துவிடு என்று மட்டும் வேண்டினேன். பூ வலப்பக்கம் விழுந்தது. சரசு அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிரித்து, தீர்த்தத்தோடு விழுங்கினாள்.

பூவின் ஈரம் காய்ந்தால் விழத்தானே செய்யும் என்று எங்கள் தெருவிலேயே ஒருவர் சொன்னார். சொல்லட்டும். அவர் அங்கே நிற்கவில்லை, நான் நின்றேன்.

மறுநாளே குணமாகிவிட்டாள் என்று எழுதினால் பொய். முதலில் எந்நேரமும் தூங்கினாள், கை நடுங்கியது, டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார். தை கடைசியில் ஒருநாள் நான் வைத்த ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தின்றாள். "உப்பே இல்லீங்க" என்றாள். நான் கடைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

அவள் தேறியதும், "ஆத்தாதான் காப்பாத்திட்டாளே, இன்னும் எதுக்கு மாத்திரை? சாமி மேல நம்பிக்கை இல்லையா மாப்ள?" என்றார் மச்சான். "அவ உத்தரவு குடுத்ததே மாத்திரைக்குத்தானுங்க மச்சான்" என்றேன். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்துவதாக இல்லை.

நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருந்தால், மறைத்து வைக்காதீர்கள். அம்மனிடம் சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் ஆள் அனுப்புவாள். வருகிறவர் நர்ஸாக இருக்கலாம், டாக்டராக இருக்கலாம், கதவைத் திறங்கள். தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருவது போல வாருங்கள். ஒன்றும் விளக்க வேண்டாம். கல்லாவில் இப்போது சரசுதான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, டாக்டர் அறை வாசல் வரை உங்களோடு அவளே வருவாள்.