கருவாட்டு மேட்டைச் சுற்றிய சிவப்பு வட்டம்

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் நடந்த ஆராய்ச்சிக் கூட்டத்துக்கு நான் போனது ஆராய்ச்சிக்காக இல்லை. மதியம் நண்டுக் குழம்பு என்று சொன்னார்கள், அதற்காக. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மட்டம்.

கூப்பிட்டது கன்னியம்மா. பழவேற்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தக் குப்பத்தில் கருவாடு போடுகிறவள். தண்டையார்பேட்டையில் என் சாப்பாட்டுக் கடைக்குப் பத்து வருஷமாக அவள் சரக்குதான். "யக்கா, படிச்சவங்க வராங்க. படத்துல என் மேட்டைச் சுத்தி செவப்புல வட்டம் போட்டு வெச்சிக்கிறாங்க. நீ வா, உனக்குத்தான் வாய் இருக்கு" என்றாள் போனில். அந்த மணல் மேட்டில்தான் அவள் மீன் காயவைக்கிறாள். மேடு போனால் பிழைப்பும் போச்சு.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். காலை 6.40க்கு மின்சார ரயில். பொன்னேரிக்கு முக்கால் மணி நேரம், பத்து ரூபாய். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர், பஸ்ஸில் இருபது ரூபாய். (பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என் கண் முன்னால்தான் கிளம்பிப் போனது. என் ராசி.) பாலத்தைத் தாண்டிக் குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இன்னொரு இருபது.

"இன்னா யக்கா, நீயும் எலும்பு தேட வந்தியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எதுக்கு நைனா? என் முட்டி எலும்பே தேடற நெலமையிலதான் இருக்கு."

சிரித்தார். இறக்கிவிடும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "பாத்துக்க. அளக்க வந்தவன் எவனும் சும்மா போனதில்ல" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். சும்மா சாப்பாடு போடுகிறார்கள் என்றாலே என் வயிறு சந்தோஷப்படும், மூளை கதவைச் சாத்திக்கொள்ளும்.

பத்து மணிக்கு வலை பின்னும் கொட்டகையில் கூட்டம். கல்லூரியிலிருந்து வந்த மேடம் பாய் அகலத்துக்கு ஒரு வரைபடத்தை விரித்தார். கல்லை உடைத்து ஆயுதம் செய்த காலத்து மனிதர்கள் இந்தப் பக்கம் இருந்தார்களா என்று காட்டூர் வரைக்கும் தேடப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் ஏரியும் கடலும் எங்கே இருந்தன என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பதே தெரியுமாம். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். கன்னியம்மா மேட்டுக்கு அடியில் பழைய கிளிஞ்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏரிக்குள் எங்கெங்கே வலை கல்லில் மாட்டுகிறது என்று மீனவர்கள் சொல்ல வேண்டும். "நீங்களும் சேர்ந்துதான் திட்டம் போடணும்" என்றார் மேடம், சிரித்த முகத்தோடு. சிரித்துக்கொண்டு வரும் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

பதினோரு மீனவர்கள் வரிசையாக வந்து வரைபடத்தில் விரல் வைத்தார்கள். பதினோரு விரலும் ஒரே இடத்தில்.

"அங்க முட்டியளவு சேறுதான்க்கா. கல்லும் கெடையாது, மீனும் கெடையாது" என்று என் காதில் சொன்னாள் கன்னியம்மா. வலை மாட்டுகிற இடத்தில்தான் மீன் ஒதுங்கும். அதை யார் வெளியே சொல்வார்கள்?

எனக்கு வாய் அடங்கவில்லை. "மேடம், பதினோரு பேரும் ஒரே எடத்துல மாட்டிக்கினா அது கல்லு இல்ல, கட்சி!"

கொட்டகையே சிரித்தது. மேடம் பேனாவை மூடினார். "என்னை யாரும் நம்பல, இல்ல?"

கன்னியம்மா எழுந்தாள். "எங்க மேட்டுல வட்டத்தப் போட்டுட்டு எங்க ஏரியக் கேட்டா எவன் சொல்லுவான்?"

"மேட்டை எடுத்துக்க இல்லம்மா. ஒரு சின்னக் குழி மட்டும்..."

"நீ நல்லவளாவே இரு மேடம். நாளைக்கு வேலி போட வரவன் உன்னையா கேட்டுட்டு வருவான்?"

முடியாததை முடியும் என்று மேடம் சொல்லாததால், அப்போதுதான் எனக்கு அவர் மேல் கால்வாசி நம்பிக்கை வந்தது. மூடிய பேனாவைத் திறந்து, "காயப்போடற இடத்தை இன்னிக்கே அளந்து வட்டத்துக்கு வெளிய எழுதிடறேன். இந்தப் படம் உங்ககிட்டயே ஒண்ணு இருக்கட்டும். ஊர் கையெழுத்து இல்லாம குழி இல்ல" என்றார்.

பதினோரு பேரில் ஒருவர் எழுந்து வந்தார். வரைபடத்தில் தன் விரலைச் சேற்றிலிருந்து இரண்டு அங்குலம் வடக்கே நகர்த்தி வைத்தார். மற்றவர்களுக்கு ஒரே இருமல்.

மீதி முக்கால்வாசி நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை. கையெழுத்தும் வெறும் மை தானே. ஆனால் முதலில் அளந்துவிட்டு அப்புறம் கேட்பது, முதலில் கேட்டுவிட்டு அப்புறம் அளப்பது, இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று மட்டும் புரிந்தது.

இதே மாதிரி போக நினைப்பவர்களுக்கு: பதினோரு மணிக்கு மேல் மணல் சுடும், செருப்போடு போங்கள். காயும் மீனைத் தாண்டாமல் சுற்றி நடங்கள். மீன் எங்கே கிடைக்கும் என்று யாரையும் கேட்காதீர்கள், சேற்றைக் காட்டுவார்கள். மாற்றுப் புடவை ஒன்று எடுத்துப் போங்கள். நான் எடுத்துப் போகவில்லை.

மூன்று மணிக்கு மேட்டை அளந்தோம். டேப்பின் ஒரு முனை மேடம் கையில், மறுமுனை என் கையில். "இன்னும் பின்னால போக்கா, ஒரு அடி கூட விட்டுடாத!" என்று கன்னியம்மா கத்திக்கொண்டே இருந்தாள். நானும் அவளுக்காக அடி அடியாகப் பின்னால் போனேன். நாற்பத்தோராவது அடியில் மேடு முடிந்தது. அதற்கடுத்த அடியில் மீன் ஊறும் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருந்தது. இடுப்பு வரைக்கும் உள்ளே போனேன். டேப்பை விடவில்லை. மேடம் நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்.