புறங்கையால் தொடுகிறவள்

வெர்னா ஹாஸ்கெட் தன் வண்டிக் கதவை முதலில் புறங்கையால்தான் தொடுவாள். பூனை பாலில் மூக்கை வைத்துப் பார்ப்பதுபோல ஒரு நொடி. பிறகுதான் கைப்பிடியைப் பிடித்துப் படியேறுவாள். அரிசோனாப் பாலைவனத்தில் மின்சாரமே பயப்படுகிற ஒரே மனுஷி அவள்தான். போன மழைக்காலத்தில் இறங்கிவந்த மின்னல்கூட அவள் வண்டி என்று தெரிந்ததும் பக்கத்துக் கள்ளிமரத்துக்கு மாறிப் போனது. சரி, அந்தக் கள்ளிமரம் அரை மைல் தள்ளி இருந்தது. மற்றதெல்லாம் உண்மை.

வண்டிதான் அவளுக்கு வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை, கணவன் எம்மெட் எல்லாம் அதற்குள். இப்படிப்பட்ட வீட்டு வண்டிகள் வந்து நிற்கிற முகாமில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கரண்டுக் கம்பம் உண்டு. அதில் பிளக்கைச் சொருகினால் வீட்டுக்கு உயிர் வந்துவிடும். கம்பத்தில் எர்த் விட்டுப்போயிருந்தால் வண்டியின் தகரம் முழுக்கக் கரண்டு ஏறிக்கொண்டு சத்தமில்லாமல் நிற்கும்.

“உள்ளங்கையால தொட்டா அது நம்மளப் புடிச்சுக்கும். புறங்கைன்னா உதறி விட்டுடும்,” என்பாள். “ஒண்ணுல சாவு. இன்னொண்ணுல வெறும் கெட்ட வார்த்தை.”

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இறங்குகிற கிழவர்கள் அவளைக் கண்டாலே ஒளிவார்கள். கம்பத்து ஸ்விட்சை அணைக்காமல் பிளக்கைச் சொருகிய ஒருவரிடம், “உன் இன்சூரன்ஸ் பத்திரம் எங்க இருக்குன்னு பெண்டாட்டிக்குத் தெரியுமா?” என்று அன்பாக விசாரித்தாள். நூல் மாதிரி ஒயரில் ஹீட்டர் ஓட்டியவருக்கு முன்கூட்டியே ஆறுதல் சொன்னாள், செத்த வீட்டுக்குப் போனவள்போல. தன் கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு காவல் பெட்டி வைத்திருக்கிறாள். கரண்டு கூடினாலும் குறைந்தாலும் அது பட்டென்று வெட்டிவிடும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களை அவள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏசியும் காபி மெஷினும் சேர்ந்து ஓடினால் இந்த வண்டிகள் தாங்காது. அதனால் கல்யாணமான நாள் முதலே இருப்பதுபோலத் தோன்றுகிற ஒரு வழக்கம் அவர்களுக்குள் உண்டு. அவள், “காபி!” என்று கத்துவாள். அவன் எங்கிருந்தாலும் போய் ஏசியை அணைத்துவிட்டு, “போடு!” என்பான். சண்டை போட்டுப் பேசாமலிருந்த நாட்களில்கூட இந்த இரண்டு சொற்களுக்கு விலக்கு இருந்தது.

இப்போது எம்மெட்டின் மூக்கில் குழாய். தலைமாட்டில் மூச்சு மெஷின். காபி மெஷினை அவள் பரணில் ஏற்றிவிட்டாள். கேஸ் அடுப்பில்தான் காய்ச்சுகிறாள். ஏசியை அணைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும், “காபி!” என்று கத்துகிறாள். “போடு” என்று வருகிற குரலில் எவ்வளவு காற்று மிச்சம் இருக்கிறது என்று காதைத் தீட்டிக் கேட்கிறாள்.

வசந்தத்தில் எல்லோரும் வடக்கே கிளம்பிப் போனார்கள். வழியில் மலைகள். அந்த உயரத்தை எம்மெட்டின் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். இங்கே கோடையில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும்.

ஜூலையில் ஒரு மத்தியானம் காவல் பெட்டி வெட்டிவிட்டது. ஊர் முழுக்க ஏசி ஓடியதில் லைனில் கரண்டு இறங்கிப்போயிருந்தது. மூச்சு மெஷின் வண்டி பேட்டரிக்கு மாறிக்கொண்டது. ஏசியை இழுக்க அந்தப் பேட்டரியால் முடியாது. ஜெனரேட்டர் ஏப்ரலிலேயே செத்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றதற்கு எம்மெட் கண்ணாலேயே மாட்டேன் என்றான். போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததே அவனுக்கு ஆச்சரியம்.

வருஷம் முழுக்க முகாமிலேயே இருந்து தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் டுவேன், துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான்.

“வெர்னா, அந்தப் பெட்டியக் கழட்டிட்டு நேரா சொருகு. நான் அப்படித்தான் வச்சிருந்தேன். ஏசி இழுத்துக்கிட்டாவது ஓடும்.”

“இழுத்துக்கிட்டு ஓடுனா பிளக்கு உருகும். கம்ப்ரஸர் செத்துரும். உன்னோடது எங்க இப்ப?”

“செத்துருச்சு. வேற வாங்கிக்கலாம்.” டுவேன் வண்டியின் ஜன்னலைப் பார்த்தான். “அதத்தான் சொல்றேன். அது செத்தா வேற வாங்கிக்கலாம்.”

அவள் உள்ளே போனாள். எம்மெட்டின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதட்டின் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“வெளிய... என்ன சண்டை?”

“டுவேன்தான். உன்ன விட்டுட்டு அவன்கூட ஓடி வரச் சொல்றான்.”

“போ. அவன் வண்டியில... ஏசி இருக்கா?”

“இல்லையாம்.”

“அப்ப... வேணாம்.”

அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கதவைச் சாத்தியதும் சிரிப்பும் போனது.

தப்புச் செய்யும்போதும் முறையாகத்தான் செய்தாள். வண்டிக்குள் மூச்சு மெஷினைத் தவிர எல்லாவற்றையும் அணைத்திருந்தாள். கம்பத்து ஸ்விட்சை அணைத்தாள். மஞ்சள் பெட்டியைக் கழற்றிக் குப்புற வைத்தாள், அது பார்க்கக்கூடாது என்பதுபோல. பிளக்கை நேராகச் சொருகி, ஸ்விட்சைப் போட்டாள். கதவைப் புறங்கையால் தொட்டாள். ஒன்றுமில்லை. உள்ளே போய் ஏசியைப் போட்டாள். அது கிழட்டு எருமைபோல முனகிக்கொண்டே எழுந்து, கொஞ்சம் குளிரைத் துப்பியது.

டுவேன் போய்விட்டான். அவள் மடக்கு நாற்காலியைக் கம்பத்தடிக்கு இழுத்து, வெயிலில் உட்கார்ந்து, பிளக்கின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டாள். சூடு மெல்ல ஏறியது. தாங்க முடியாமல் போகிற நிமிஷத்தில் அணைத்துவிட வேண்டும். அணைத்தால் அதன் பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

“காபி!” என்று கத்தினாள்.

ஏசியின் முனகல் மட்டும் கேட்டது.

“எம்மெட்! காபி!”

அவள் கை தானாகப் புரண்டு, உள்ளங்கையால் பிளக்கை இறுகப் பிடித்துக்கொண்டது.

உள்ளேயிருந்து, வெகு நேரம் கழித்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது:

“அடுப்பே... பத்த வைக்கலையே... வெர்னா.”