நான்கில் மூன்று பொய்

நான் பிளஸ் டூ படித்தபோது டாக்டர் படிப்புக்குப் புதிதாக நுழைவுத் தேர்வு வைத்திருந்தார்கள். மரவள்ளிக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த அப்பா, சேந்தமங்கலத்தில் ஒரு டியூஷன் வாத்தியாரிடம் என்னைக் கூட்டிப்போனார்.

வாத்தியார் ஒரு மாதிரி வினாத்தாளை எடுத்துக் காட்டினார். கேள்விக்குக் கீழேயே பதில் இருக்கும், பென்சிலால் கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும் என்றார்.

அப்பா வினாத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, பதிலையும் அவிங்களே அச்சடிச்சுக் குடுத்துட்டா அப்பறம் டியூஷன் எதுக்குங்க?"

"நாலு பதில் இருக்குமுங்க. அதுல ஒண்ணுதான் சரி."

"மத்த மூணு?"

"தப்புங்க."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யின்னு தெரிஞ்சேதான் அச்சடிக்கறாங்களா? அதும் படிக்கற புள்ளைங்ககிட்ட?"

வாத்தியார் என்னைச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தேர்வு எழுதினேன். சீட் கிடைக்கவில்லை. இன்றைக்குச் சாட்டைதான் என்று வீட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தேன். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக டீக்கடைக்குப் போய் அத்தனை பேரிடமும் நியாயம் கேட்டிருக்கிறார்.

"எங்க சாமிக்குச் சூதுவாது தெரியாதுங்க. ஒரு நெசத்துக்கு மூணு பொய்ய வெச்சு ஏமாத்திப்போட்டாங்க."

அன்றிலிருந்து ஊருக்குள் யார் எதிரே வந்தாலும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சந்தைக்குப் போனால், "சில்லறைய எண்ணி வாங்கு சாமி" என்றார்கள்.

அதற்கு அப்பா என் மதிப்பெண்ணையே சொல்லித் தொலைத்திருக்கலாம்.